பஞ்சுக்குருவி எழுதாத நாலு வரி

புதன்கிழமை காலை 9.10.

கணபதி பகுதியில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறைக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில், பையைக்கூடக் கழற்றாமல் ஹுமேரா திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரையில் நாலு வரி.

‘மாடிக் கதவு பூட்டியிருக்கவில்லை. பூஜிதா துணி காயப்போடும்போது தவறி விழுந்தாள். நான் இதுவரை எழுதியதெல்லாம் பொய். யாரும் இன்றைய விசாரணைக்குப் போக வேண்டாம். — டெய்சி.’

எழுதியவர்: பஞ்சுக்குருவி. நேரம்: 8.47.

பஞ்சுக்குருவி என்பது டெய்சிதான். ஆனால் இதை டெய்சி எழுதியிருக்க முடியாது. அவளுடைய லேப்டாப் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து இதே அறையில், ஜன்னலோர மேஜைமேல் இருந்தது.

டெய்சி சூலூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவள். மில் விடுதியில் புகை சூழ்ந்த ஒரு சாயங்காலம், மாடிக் கதவு வெளியே பூட்டியிருந்ததால் குழாயைப் பிடித்து இறங்கப் பார்த்த பூஜிதா என்ற பெண் விழுந்து இறந்தாள். கதவு திறந்துதான் இருந்தது என்றது மில். பூட்டியிருந்தது என்று வாராவாரம் எழுதியது பஞ்சுக்குருவி. பெயர் சொல்லாமல் எழுதினாள். அவளை நம்பி ஒன்பது பெண்கள் இன்று பதினோரு மணி அரசு விசாரணையில் சாட்சி சொல்வதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுதிய இடம் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஒரு வலை. அங்கே ஒவ்வொருவரும் தன் கணக்கின் சாவியைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். டெய்சியின் சாவி அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அந்தச் சாவியால் கையெழுத்தாகி வெளியே போகும் எழுத்து, பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் நகலாகிவிடும். அதற்குப் பிறகு யாராலும் அழிக்க முடியாது. அந்த வலையைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்த ‘கிளை’ என்ற மென்பொருளை மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தவள் ஹுமேரா.

9.25. தன் கணக்கிலிருந்து எழுதினாள்: ‘பஞ்சுக்குருவி பேரில் வந்திருப்பது பொய். நம்ப வேண்டாம்.’ பிறகு சைபர் கிரைம் போலீசுக்குப் போன் செய்தாள்.

காலை 9.50.

சப் இன்ஸ்பெக்டர் ராசாத்தாள் ஒரு கான்ஸ்டபிளோடு படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். எதையும் தொடாமல் அறையை ஒரு சுற்று பார்த்தார். மூன்று மேஜைகள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் பாக்கி வேலைகள்: ‘கோப்பு, தொடர்பு — தேடினால் வரவில்லை. அமைப்பு, உதவி — வருகிறது. முஜீப் பார்க்கவும்.’

“அம்மணி, லேப்டாப் ஏன் இங்க இருந்துச்சு?”

“புது வெர்ஷன் போட்டுத் தர்றேன்னு நான்தாங்க வாங்கி வெச்சேன். பழைய எழுத்தெல்லாம் இறங்கறதுக்கு நேரமாகும். அதனால கிளையைத் திறந்து வெச்சுட்டே ஊட்டுக்குப் போயிட்டேன்.” ஹுமேரா ஜன்னலோர மேஜையைப் பார்த்தாள். “லேப்டாப்பைப் பூட்டாமப் போயிட்டேனுங்க மேடம்.”

“இந்த ரூமுக்குச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“மூணு பேருகிட்ட. நான், முஜீப், கதிரேசன் அண்ணா. முஜீப் என்கூட புரோகிராம் எழுதறவரு. அண்ணா கிளையோட மெனு, உதவிப் பக்கம் எல்லாத்தையும் தமிழ்ல எழுதித் தர்றவரு.”

“எட்டே முக்காலுக்கு நீங்க எங்க இருந்தீங்க?”

“பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு, மிஸ்கிட்டப் பேசிட்டு இருந்தேனுங்க.”

“அந்த எழுத்தைக் காட்டுங்க.”

ஹுமேரா தேடும் பெட்டியில் ‘பொய்’ என்று தட்டினாள். டெய்சி முன்பு எழுதியவை ஆறு வந்தன. ஹுமேராவின் இன்றைய மறுப்பும் வந்தது. அந்த நாலு வரி வரவில்லை.

“புதுசுங்க. இன்னும் தேடற பட்டியல்ல ஏறியிருக்காது” என்று சொல்லி, பக்கத்தைக் கையால் நகர்த்தி எடுத்துக் காட்டினாள்.

ராசாத்தாள் அதைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த முஜீப் தானாக எழுந்து வந்தான்.

“எட்டரைக்கு நான்தாங்க கதவைத் திறந்தேன். அஞ்சு நிமிஷத்துல பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வர்றப்ப ஒம்பது மணி.”

“டீக்கு இருபத்தஞ்சு நிமிஷமா?”

“போன் பேசிட்டிருந்தேனுங்க.”

“பார்த்தவங்க?”

“கீழ பட்டறை ஒம்பதரைக்குத்தானுங்க திறப்பாங்க.”

“தமிழ் எழுதுவீங்களா?”

“பேசுவேனுங்க. எழுத்து வராது. வளர்ந்தது பூரா மும்பைல. தமிழ்ல ஏதாச்சும் அனுப்பணும்னா போன்ல பேசிவிடுவேன், அதுவே எழுதிக்கும்.”

“பேசினா எழுதிக்கும்” என்று ராசாத்தாள் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

10.05. கதிரேசன் வந்தார். ஐம்பத்தேழு வயது, மடிப்புக் கலையாத சட்டை. வாசலில் போலீசைப் பார்த்ததும் நின்றார். ஹுமேரா விஷயத்தைச் சொன்னாள். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ளைக்கா? அடக் கடவுளே!”

“நீங்க எப்ப வந்தீங்க?” ராசாத்தாள் கேட்டார்.

“இப்பத்தானுங்க. சூலூர் பஸ்ஸு. எப்பவும் பத்து மணிக்குத்தானுங்க வருவேன்.”

“இதுக்கு முந்தி என்ன வேலை?”

“சூலூர்ல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வெச்சிருந்தேனுங்க. அதை மூடுனப்புறம் இங்க வந்துட்டேன். சம்பளத்துக்காக இல்லீங்க. ஒரு பிரியத்துல.”

லேப்டாப்பை ஆராய்ந்த கான்ஸ்டபிள் ஒரு தகவல் சொன்னார். 8.44க்கு அதில் ஒரு பென் டிரைவ் செருகப்பட்டிருந்தது. 8.48க்கு எடுக்கப்பட்டிருந்தது.

காலை 11.00.

விசாரணை நடந்த அரசு அலுவலகத்திலிருந்து டெய்சி போன் செய்தாள். ஹுமேரா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, ஒருத்தரும் வரலைங்க்கா. ஷிப்ட் முடிஞ்சு கேட்டுல போனைத் திருப்பிக் குடுத்ததும் எல்லாரும் அதைப் படிச்சுட்டாங்களாம். பூஜிதாவோட அப்பா மட்டும் வந்திருக்காரு. மேட்டுப்பாளையத்துல இருந்து முதல் பஸ்ஸைப் புடிச்சு வந்திருக்காரு.”

“உள்ள போய் நீ சொல்லு டெய்சி. நீ எழுதலைன்னு சொல்லு.”

“சொன்னேனுங்க்கா. அதிகாரி போனைக் காட்டி, ‘உன் பேரு, உன் கணக்கு, உன் கையெழுத்து. அந்தச் சாவி உன்கிட்ட மட்டும்தான் இருக்கும்னு நீதானம்மா மனுவுல எழுதியிருக்கே’ங்கறாரு.”

விசாரணை கேட்டு டெய்சி கொடுத்த மனுவில் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே ஹுமேராதான்.

“மில்லுல என் ரூமைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துட்டாங்களாமுங்க்கா” என்றாள் டெய்சி. அதோடு போன் அறுந்தது.

11.40. ராசாத்தாளின் போன் அடித்தது. மேலதிகாரி. முஜீபை ஸ்டேஷனுக்குக் கூட்டி வரச் சொன்னார். எட்டரைக்குக் கதவைத் திறந்தவன் அவன்தானே.

“அரை மணி நேரம் குடுங்க சார்” என்றார் ராசாத்தாள்.

அவர் டெய்சியின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். கிளையில் ‘பொய்’ என்று தேடினார். ஆறும் ஒன்றும் ஏழு. நாலு வரி இன்னும் வரவில்லை. ‘போக’ என்று தேடினார். வரவில்லை. ‘தவறி’ என்று தேடினார். உடனே வந்தது.

பிறகு திரும்பி வெள்ளைப் பலகையைப் பார்த்தார்.

“ஹுமேரா, உங்க மறுப்பு எத்தனை மணிக்குப் போட்டது?”

“ஒம்பது இருபத்தஞ்சுங்க.”

“இந்த நாலு வரி எட்டு நாப்பத்தேழு. பின்னால வந்தது பட்டியல்ல ஏறிடுச்சு. முன்னால வந்தது ஏறலையா?”

ஹுமேரா குனிந்து திரையில் இரண்டு நேரத்தையும் பார்த்தாள்.

“அந்தப் பலகையில இருக்கறது என்ன?”

“மெனுவுல ஒரு கோளாறுங்க. சில வார்த்தை தேடினா வராது. சிலது வரும். ஏன்னு முஜீப் இன்னும்…” பாதியில் நிறுத்தினாள். “மெனு எழுதறது அண்ணாங்க.”

மதியம் 12.15.

“கதிரேசண்ணா,” என்றார் ராசாத்தாள், “உங்க கம்ப்யூட்டர்ல ‘பொறுமை’ன்னு ஒரு வார்த்தை தட்டுங்க.”

“எதுக்குங்க?”

“தட்டுங்க.”

கதிரேசனின் விரல்கள் பழக்கத்தில் ஓடின. ராசாத்தாள் முஜீபைப் பார்த்தார். அந்த வார்த்தைக்கு அடியில் கம்ப்யூட்டர் என்ன எழுதி வைத்திருக்கிறது என்று முஜீப் பிரித்துக் காட்டினான். பிறகு அந்த நாலு வரியிலிருந்த ‘பொய்’யையும் பிரித்தான். ஹுமேரா தட்டிய ‘பொய்’யையும், தன் போனில் பேசி வரவழைத்த ‘பொய்’யையும் பக்கத்தில் வைத்தான்.

“கண்ணுக்கு நாலு ‘பொ’வுமே ஒண்ணுதான்,” என்றார் ராசாத்தாள். “உள்ள ஒண்ணு இல்லை. ஹுமேரா தட்டினாலும், டெய்சி தட்டினாலும், முஜீப் பேசினாலும் ‘பொ’வுல இருக்கற கொம்பும் காலும் ஒரே குறியா ஒட்டி விழுது. பழைய டைப்ரைட்டர் முறையில தட்டறவங்களுக்கு மட்டும் கொம்பு தனி, கால் தனி. ‘போ’வுக்கும் அப்படித்தான். அதனாலதான் நீங்க எழுதின ‘கோப்பு’, ‘தொடர்பு’ தேடினா வர்றதில்லை. கொம்புக்கால் இல்லாத ‘அமைப்பு’, ‘உதவி’ வருது. அதே மாதிரிதான் இந்த நாலு வரியும். ‘தவறி’ வருது, ‘பொய்’ வரலை.”

கதிரேசன் விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“டெய்சியோட லேப்டாப்புல டைப்ரைட்டர் முறை இல்லை, உங்க கை ஓடாது. அதனால இங்கேயே தட்டி, பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போய் அங்க ஒட்டிட்டீங்க. முஜீப் டீக்குப் போனதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல. அப்புறம் கீழ எங்கயோ நின்னுட்டு, பத்து மணி பஸ்ஸுல வந்த மாதிரி வந்தீங்க. பென் டிரைவ் சட்டைப் பையிலதான் இருக்குங்களா?”

கதிரேசன் அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். கான்ஸ்டபிள் அதன் எண்ணை லேப்டாப்பில் பதிவாகியிருந்த எண்ணோடு சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“ஏனுங்கண்ணா?” ஹுமேரா கேட்டாள்.

“அந்த விடுதி வார்டன் எங்கக்கா, ஹுமேரா. பூட்டச் சொன்னது முதலாளி. பூட்டினது அக்கா கை. ஒம்பது பேரும் சொல்லிட்டா அக்கா ஜெயிலுக்குப் போயிரும். சொன்ன அவிய தப்பிச்சுக்குவாங்க. அறுபத்திநாலு வயசுங்க அதுக்கு.” ராசாத்தாளைப் பார்த்தார். “டெய்சி இங்க வந்து போற புள்ளைன்னு தெரியும். நேத்து லேப்டாப் திறந்திருந்ததைப் பார்த்தப்பதான் அவதான் பஞ்சுக்குருவின்னு தெரிஞ்சுது. ராத்திரி பூராத் தூங்கலைங்க. இன்னைக்கு ஒரு நாள் தள்ளிப்போனாப் போதும்னு செஞ்சுபோட்டேன்.”

“அந்தப் புள்ளை பேரை எதுக்குப் போட்டீங்க?”

“பேரில்லாட்டி நம்ப மாட்டாங்களேங்க.”

“அழிக்க முடியாதுன்னு தெரியாதுங்களா உங்களுக்கு?”

“தெரியுமுங்க.” கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டார். “அதைத் தமிழ்ல எழுதினதே நான்தானுங்க. கிளையைத் திறந்ததும் முதல் பக்கத்துல வருமே.”

பிற்பகல் 3.15.

ராசாத்தாள், ஹுமேராவுடன் விசாரணை அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி முழுதையும் பொறுமையாகக் கேட்டார். கொம்பு, கால் என்று ஹுமேரா தாளில் வரைந்து காட்டினாள். அவர் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

“நான் நம்பறேம்மா. ஆனா ‘சாட்சிகள் ஆஜராகவில்லை’ன்னு எழுதி மேல அனுப்பியாச்சு. புதுசா மனு குடுங்க. அந்த ஒன்பது பேரையும் கூட்டிட்டு வாங்க, மறுபடி கேக்கறேன்.”

ராசாத்தாள் வராந்தாவுக்கு வந்து மில்லுக்குப் போன் செய்தார். பேசி முடித்ததும் போனைப் பார்த்தபடியே சொன்னார்.

“மதியமே விடுதியைக் காலி பண்ணிட்டாங்க. ஒன்பது பேரையும் அவங்கவங்க ஊருக்கு அனுப்பிட்டாங்களாம். ரெண்டு பேரோட நம்பர்தான் கிடைச்சுது. ஒண்ணு எடுக்கலை. இன்னொண்ணு எடுத்துச்சு. ‘டெய்சியக்காவே பொய்னு எழுதிட்டாங்களேங்க மேடம், இனி நாங்க என்னத்தைச் சொல்ல’ன்னுட்டு வெச்சிருச்சு.”

வெளியே மரத்தடியில் டெய்சி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பூஜிதாவின் அப்பா சீனிவாசலு. பாக்கு மண்டியில் மூட்டை தூக்குபவர். வெள்ளைச் சட்டையில் புது மடிப்பு இருந்தது. ஹுமேராவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“செஞ்சவரைப் புடிச்சாச்சுங்களா?”

“புடிச்சாச்சுங்க” என்றார் ராசாத்தாள்.

“அப்ப அந்த எழுத்தை எடுத்துருவீங்களா?”

ஹுமேராதான் சொல்ல வேண்டியிருந்தது.

“எடுக்க முடியாதுங்க. நான் அப்படித்தாங்க கட்டினேன். யாரு வாயையும் அடைக்கக் கூடாதுன்னு.”

அவர் அதைப் புரிந்துகொள்ள முயன்றார். முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் ஹுமேராவுக்குத் தாங்கவில்லை.

“துணி காயப்போட்டு விழுந்தான்னே இருக்குமுங்களா?”

“இருக்குமுங்க.”

சீனிவாசலு தலையை ஆட்டிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார். டெய்சி அவரோடு எழுந்தாள்.

“நானும் வாரேனுங்கப்பா. பூஜிதாவோட அம்மாகிட்ட நானே சொல்றேன். நான் எழுதலைன்னு.”

“வேண்டாங் கண்ணு.”

“அப்பா, நீங்க என்னை நம்பறீங்கதானே?”

“நம்பறேன் கண்ணு. அதுக்கில்லை.” அவர் அவள் தலையில் கை வைத்தார். “அவ போன் பாக்க மாட்டா. சாட்சி சொல்ல ஒம்பது பேரு வர்றாங்கன்னு காலைல சொல்லிட்டு வந்தேன். அவ அப்படியே நெனச்சுட்டு இருக்கட்டும்.”

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. அவர் கூட்டத்தோடு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்ற அவருடைய கை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. டெய்சி சாலையோரத்தில் நின்றுகொண்டே இருந்தாள். போக அவளுக்கு இடமில்லை.