நன்றிக்காக என்றால் வேண்டாம்

மழை தூறிக்கொண்டிருந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் பொலிஸார் பஸ்ஸை மறித்துச் சோதனைக்காக எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டு காலி வீதியில் இது நடக்காத நாள்தான் அதிசயம். சித்தி வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிறிஜெற், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மறுபடி ஏறப் போனாள். அப்போதுதான் அவனைப் பார்த்தாள்.

நனைந்த சட்டை. நெற்றியில் ஒட்டிய முடி. அந்தக் கண்கள்... பயத்தை மறைக்கத் தெரியாத பெரிய கண்கள். "கொழும்புக்கு ஏன் வந்தாய்?" என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்க, பாஷை விளங்காமல் விழித்துக்கொண்டு நின்றான். அட்டையில் யாழ்ப்பாண முகவரி. பக்கத்தில் ஜீப்பின் கதவு திறந்தே கிடந்தது.

'உனக்கேன் இந்த வம்பு? பேசாமல் ஏறு' என்றது மனம். வாய் கேட்டால்தானே!

"மாத்தையா, அவர் எங்கட கெம்பஸ். பேராதனைக்குப் படிக்க வந்தவர். நான்தான் கண்டியைச் சுத்திக் காட்டக் கூட்டிக்கொண்டு போறேன்," என்று சிங்களத்தில் பொரிந்து தள்ளினாள்.

பொலிஸ்காரர் கண்டிப் பக்கத்து ஆள். இலேசில் விடுவாரா? "எங்கெங்க காட்டப்போறாய்? சொல்லு பாப்பம்."

"கண்டிக் குளம்... தலதா மாளிகை... உடவத்தகலைக் காடு... பேராதனைப் பூந்தோட்டம்... ஹந்தானை மலை..." ஒரே மூச்சு.

"கடலாதெனிய விகாரையை விட்டிட்டாயே!" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "எங்கட ஊருக்குக் கிட்ட இருக்கு. அதைப் பாக்காம என்ன கண்டி? கட்டாயம் காட்டு!" என்று திட்டிக்கொண்டே அவனுடைய அட்டையைத் திருப்பிக் கொடுத்தார்.

பஸ் புறப்பட்டது. அவன் அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ர பேர் ஸ்ரீஸ்கந்தராசா. ஸ்ரீ எண்டு கூப்பிடலாம்," என்றான். "நீங்கள் சொன்னதில பேராதனை எண்டது மட்டும்தான் விளங்கினது. எனக்கு அங்க எஞ்சினியரிங் கிடைச்சது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பிறிஜெற்றுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு எங்க தெரியும்? நான் சும்மா பொய்தான் சொன்னேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்... பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேராதனைக்கு வந்ததும், பொலிஸுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்று அவன் வந்து நின்றான். சனிக்கிழமைகளில் கிளம்பினார்கள். அப்போதுதான் அம்மணியின் குட்டு வெளிப்பட்டது. அங்கே படித்துக்கொண்டிருந்தும், வெள்ளி வந்தால் கொட்டாஞ்சேனைக்கு ஓடிவிடுகிறவள், தான் அடுக்கிய இடங்களில் ஒன்றைக்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை! பூந்தோட்டத்து மூங்கில்களுக்குள் வழி தவறினார்கள். உடவத்தகலையில் அவன் காலில் அட்டை ஏற, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடலாதெனியவில், பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பொலிஸ்காரர் கோபப்பட்டது நியாயம்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் அவன் மூச்சுக்கு மூச்சு நன்றி சொன்னான். குடை பிடித்தால் நன்றி. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் நன்றி. "நீங்கள் இல்லாட்டி நான் இப்ப எந்த ஆமிக் காம்பில கிடப்பனோ..." முதலில் அவளுக்கு இனித்தது. பிறகு உறுத்தத் தொடங்கியது. இவனுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா... இல்லை, செய்த உதவிக்குக் கைமாறு செய்கிறானா?

ஒரு மாலை கண்டிக் குளக்கட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். மழைக்கு முந்திய காற்று. அவன் மெல்ல ஆரம்பித்தான்.

"பிறிஜெற்... என்ர உயிர் நீங்கள் தந்தது. அதுக்காகக் காலம் முழுக்க உங்களோட..."

"நிப்பாட்டுங்க!" அவள் கண்கள் கலங்கிவிட்டன. "நன்றிக்காக என்றா எனக்கு வேணாம். அன்றைக்கு ஒரு கிழவி காப்பாத்தியிருந்தா அவகிட்டயும் இதையா சொல்வீங்க?"

அவன் முகம் சிவந்தது. திரும்பி நடந்தான். அந்த வாரமே ஏதோ கலவரமென்று கெம்பஸையும் மூடிவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனை வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்கு நகரத்தில் குண்டு வெடித்தது. வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொடியன்களை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வந்தது. யாழ்ப்பாணம் போக வழியில்லாத ஸ்ரீயும் அங்கே ஒரு லொட்ஜில்தான் இருந்தான். பிறிஜெற் ஜெபமாலையும் கையுமாகக் கிடந்தாள். 'மாதாவே, அவர் உயிரோட இருந்தாப் போதும். என்னைப் பிடிக்காட்டியும் பரவாயில்லை...'

ஞாயிறு பூசை முடிந்து வந்து கொஞ்ச நேரம் இருக்கும். கதவைத் தட்டும் சத்தம். திறந்தாள். சொட்டச் சொட்ட நனைந்தபடி ஸ்ரீ!

"அறிவிருக்கா உங்களுக்கு? வழி முழுக்கச் செக்கிங்!" அழுகையும் திட்டும் ஒன்றாக வந்தன.

"ஓம். ஒவ்வொரு இடத்திலயும் இறக்கினவங்கள். எங்க போறாய் எண்டு கேட்டவங்கள். பதிலைச் சிங்களத்தில பாடமாக்கிக்கொண்டு வந்தனான்."

"என்ன சொன்னீங்க?"

"ஒரு பெட்டையோட சண்டை பிடிக்கப் போறன் எண்டு." அவன் சிரிக்கவில்லை. "கிழவியைப் பற்றிக் கேட்டீங்களே... கிழவி எண்டால் காலில விழுந்து கும்பிட்டிட்டுப் போயிருப்பன். நித்திரையும் வந்திருக்கும். நன்றி எல்லாம் அண்டைக்கு பஸ்ஸிலயே சொல்லி முடிஞ்சுது, பிறிஜெற். பிறகும் திரும்பத் திரும்ப அதையே சொன்னது... மற்றதைச் சொல்லத் தைரியம் வராததாலதான்."

"இப்ப வந்திட்டுதா?"

"வந்திட்டுது. உங்களில எனக்கு விருப்பம். அண்டைக்கு நீங்கள் என்னை ஜீப்பில ஏத்தி விட்டிருந்தாலும் விருப்பம்தான் வந்திருக்கும்."

அழுதுகொண்டே சிரித்தாள் பிறிஜெற். மாதாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

உள்ளே அம்மா மாக்ரெட் தைத்துக்கொண்டிருந்தாள். "யாரு பிள்ளை வாசல்ல?"

கூடப் படிக்கிறவர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"எனக்கு விருப்பமானவர், அம்மா. பத்திரமா வந்திட்டார்..."

தையல் மெஷின் நின்றது.

"அப்ப ஏன் அந்தப் பிள்ளையை மழையில நிக்க வச்சிருக்கிறாய்?" என்றாள் மாக்ரெட்.