யாளி கவ்விய கை

என் தம்பிக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் துறுதுறு. ஓர் இடத்தில் நில் என்றால் அவனுக்குக் கால் நிற்கும், கை நிற்காது.

அன்று அம்மாவோடு அந்தப் பழைய கோவிலைப் பார்க்கப் போயிருந்தோம். தூணுக்குத் தூண் யாளிகள் நின்றன. சிங்க உடம்பு, யானைத் தும்பிக்கை, பிதுங்கிய கண்கள். ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் ஒரு கல் உருண்டை. தள்ளினால் உருளும், வெளியே வராது.

"இது வெளியிலேருந்து வச்சதில்லை. தூண், யாளி, உருண்டை எல்லாமே ஒரே கல்லு. பல்லு இடுக்குல உளியை விட்டு, உள்ளேயே செதுக்கியிருக்காங்க" என்றார் வழிகாட்டி மாமா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "இதை நான்தான் செஞ்சேன்னு ஒரு அமைச்சர் பொய் சொன்னாராம். யாளி அவர் கையை லபக்குன்னு கவ்விடுச்சாம். இன்னைக்கும் பொய் சொன்னவங்க கையை அது விடாது!"

எல்லாரும் சிரித்தோம். தம்பி சிரிக்கவில்லை. அவன் கை ஏற்கெனவே யாளியின் வாய்க்குள் இருந்தது.

"அம்மா! கை வரலை!"

அம்மா இழுத்துப் பார்த்தார். மாமா இழுத்துப் பார்த்தார். அதற்குள் கூட்டம் கூடி, ஆளுக்கொரு யோசனை சொன்னது.

"சோப்புத் தண்ணி ஊத்துங்க!"

"கையை அப்படியே திருகுங்க!"

தம்பியின் மணிக்கட்டு சிவந்து வீங்கியது. தூணைச் சுற்றிச் சுற்றி வந்தேன். என்ன செய்வதென்றே தெரியவில்லை.

பக்கத்து மண்டபத்தில் பழுது பார்த்துக்கொண்டிருந்த சிற்பி அக்கா உளியும் சுத்தியலுமாக ஓடி வந்தார்.

"வேற வழியில்லை. யாளியோட பல்லை உடைச்சுடறேன்" என்றார். சொல்லும்போதே அவர் முகம் வாடிவிட்டது. உளியைப் பார்த்ததும் தம்பி வீறிட்டு அழுதான்.

நான் யாளியின் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன். அவன் விரல்கள் உருண்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. உருண்டையோடு கை எப்படி வெளியே வரும்?

"கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினேன். "டேய், உருண்டையை விடுடா."

"மாட்டேன்! விட்டா யாளி வாயை மூடிக்கும். கையைக் கடிச்சுடும்."

"உன்னை ஏன் கடிக்கணும்?"

"காலையில பாலைக் குடிச்சுட்டேன்னு சொன்னேன்ல? செடிக்கு ஊத்திட்டேன்" என்று விசும்பினான்.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, அது சும்மா கதை கண்ணு!"

"இப்பதான் பொய் சொல்றீங்க!" என்றான் தம்பி.

இவனிடம் பேசிப் பயனில்லை. யாளியின் பற்களுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. என் கையை அதில் நுழைத்தேன். கல் சில்லென்றிருந்தது. எனக்கும் லேசாகப் பயம்தான்.

"இதோ, என் கையையும் வச்சுட்டேன். வாயை மூடினா என் கையும்தான் மாட்டும். நான் அதோட வாயைப் பிடிச்சுக்கறேன், நீ மெதுவா விடு."

தம்பி என்னையே பார்த்தான். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உருண்டை கடகடவென்று உருண்டது. கை வெளியே வந்துவிட்டது!

சிற்பி அக்கா உளியைக் கீழே போட்டுவிட்டு யாளியின் பல்லைத் தடவிக் கொடுத்தார். அம்மா தம்பியை வாரி அணைத்தார். அவனோ திமிறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான்.

"அக்கா, சீக்கிரம் கையை எடு! நேத்து வயித்துவலின்னு பொய் சொல்லித்தானே ஸ்கூலுக்கு மட்டம் போட்டே!"

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

நான் கையை எடுக்கவில்லை. அப்போதைக்கு யாளியின் வாய்தான் பத்திரமான இடமாகத் தெரிந்தது.