இருவாச்சிப் பொந்து

விடிந்து வெகுநேரமாகியும் கதவிடுக்கில் வெளிச்சம் வரவில்லை. போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டக் குடிசையில் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்த அழகுமலை, மூடுபனிதான் என்று புரண்டு படுத்தான். பிறகு அந்த வாடை வந்தது; அழுகின அத்திப்பழமும் பறவை எச்சமும் ஈரமண்ணும் குழைந்த வாடை. தட்டுத்தடுமாறி எழுந்து கதவைத் தடவினான். விளிம்பெல்லாம் மண் பூசிப் பாறையாக இறுகியிருந்தது. நடுப்பலகை உடைந்த இடத்தில் மட்டும் ஒரு கை நுழையும் சந்து.

அந்த வாடை அவனுக்குத் தெரியும். போன மாதம், மலை இருவாச்சிப் பறவையைப் பார்க்கவென்றே கப்பலேறி வந்த துரையைக் காட்டுக்குள் கூட்டிப்போனவன் அவன்தான். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை மண்ணால் அடைத்துக் குஞ்சோடு இருந்தது. சேவல் பழம் கொண்டுவந்து சந்து வழியாக ஊட்டியது. துரை மலைத்துப்போனார். பார்த்ததோடு விடவில்லை, பஞ்சடைத்துப் பாடம் பண்ணிக் கொண்டுபோகச் சேவலைக் கேட்டார். அழகுமலை சுட்டான்.

கூட வந்த மொக்கச்சாமி காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் அழகுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பு, சேவலக் கொன்னவந்தான் பெட்டைக்குப் பழம் கொண்டாந்து ஊட்டணும். குஞ்சு பறக்குற மட்டும். எங்க வழக்கம் அது. தப்பிராத."

"சரி, சரி" என்றான். போகவில்லை. பாவி, ஒரு நாள்கூடப் போகவில்லை. பொந்துக்குள் அது எத்தனை நாள் கத்திக் கிடந்ததோ.

வெளியே காலடி. அரிசி வாங்க நேற்று போடிக்கு இறங்கிப்போன மனைவி செல்லக்கிளி. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மாமா! கதவிடுக்குல என்னத்துக்கு மண்ணப் பூசி வச்சிருக்கீக?"

"நானில்ல புள்ள. எவனோ வெளிய பூசிட்டான். வெரசா ஒடச்சு என்னய எடு!"

"வெளிய மண்ணே இல்ல மாமா. உள்ளருந்துல்ல பூசியிருக்கு."

தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணெல்லாம் மண்.

"மொதல்ல ரெண்டு வாய் தின்னுங்க. கடப்பாரை கொண்டாறேன்."

சந்து வழியே கட்டுச்சோற்று உருண்டையோடு அவள் கை நுழைந்தது. கொலைப்பசி. குனிந்து வாயைத் திறந்தான்.

கூரைக்கு மேல் சிறகோசை. கனத்த சிறகு.

வெடிச்சத்தம். சேவலைச் சுட்டபோது கேட்ட அதே சத்தம்.

"செல்லக்கிளி?"

கை மட்டும் சந்தில் தொங்கியது. விரல்களில் சோறு. கையின் சூடு ஆறவில்லை.

அழகுமலை கதறினான். கதறக் கதற, அவன் கைகள் ஈரமண்ணை அள்ளி அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பூசிக்கொண்டிருந்தன.