லதீசனைத் தெரிந்தவர்

படத்தில் சைக்கிள் இருந்தது, லதீசன் இல்லை.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு யோசெப்பின் மறுபடி திரையைப் பார்த்தாள். தம்பி பிடித்துக்கொண்டு நின்ற சைக்கிள் இப்போது யாரும் பிடிக்காமலே சரிந்தபடி நின்றது. பின்னாலிருந்த மதிலும் அதில் விழுந்த வெயிலும் அப்படியே இருந்தன.

ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் பின்னேரமே இருட்டிவிட்டது. கீழே ரயில் தண்டவாளத்தை அரைத்துக்கொண்டு போகிற சத்தம், வாசலில் தொங்கும் குளிரங்கிகளின் காயாத வாடை, சாமான் அறையில் இரையும் சேர்வர்ப் பெட்டி என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன; பெட்டியின் விசிறி மட்டும் மூச்சு வாங்குகிற மாதிரி விட்டு விட்டுச் சுற்றியது.

அந்தப் பெட்டி அவளுடைய பிடிவாதம். காணாமல்போனவர்களின் படங்களைப் பெரிய இணையத்தளமொன்று வாய்கூசாமல் விதிமீறல் என்று சொல்லி அழித்தபோது, இனி எவருடைய தயவும் வேண்டாமென்று, இலவசமாகக் கிடைக்கிற திறந்த மென்பொருளை இறக்கித் தன் வீட்டிலேயே ஒரு தளத்தை நடத்தத் தொடங்கினாள். ஒஸ்லோத் தமிழ்க் குடும்பங்கள் மிஞ்சிய படங்களை அதில் போட்டன. பலரிடம் வேறு பிரதி கிடையாது. சேர வருகிறவர்களிடம் கடவுச்சீட்டா கேட்பது? நம்மாட்கள் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்: நீங்கள் யாருடைய ஆள்? உறவு சொன்னால் உள்ளே விடுவாள்.

இன்று காலை பெயரில்லாத ஒருவர், லதீசனைத் தெரியும் என்று மட்டும் எழுதியிருந்தார். தம்பியைத் தெரிந்தவரை வாசலில் நிற்கவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சேர்த்துவிட்டாள்.

பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் இதே மென்பொருளில் தளம் நடத்தும் நிலனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் அங்கிருந்தே தேடிப் பார்த்தான். வெளியிலிருந்து யாரும் உடைத்து வரவில்லை, காலையில் சேர்த்த ஆள்தான் உள்ளே இருந்துகொண்டு ஒவ்வொரு படமாக வெறுமையாக்குகிறார், நீக்கினாலும் போகிறாரில்லை என்றான். அவன் குரல் இறங்கியது.

"அக்கா, பெட்டியை நிப்பாட்டுங்கோ. இது எனக்குச் சரியாப் படேல்லை."

"நிப்பாட்டினா வந்த ஆள்தான் வெண்டது. உன்ர தளத்தைத் திறந்து வை. எல்லாத்தையும் அங்கை அனுப்புறன்."

இப்படியான தளங்கள் ஒன்றோடொன்று இணையக்கூடியவை. வீட்டுப் படம் வெளியே சுற்றக்கூடாதென்று அவள்தான் அந்த இணைப்பை இத்தனை காலமும் பூட்டி வைத்திருந்தாள். அந்த மடமைக்காகத் தன்னையே திட்டிக்கொண்டு பூட்டை எடுத்தாள். போன வாரம் எடுத்துவைத்த நகலில் தம்பி இன்னும் இருந்தான். அவனிலிருந்து தொடங்கினாள்.

திரையில் ஒரு செய்தி வந்தது.

லதீசனின்ரை வீடுதானே?

அன்று மட்டக்களப்பு வீட்டில் வந்து நின்றவர்கள் இதே சொற்களில்தான் கேட்டார்கள். அம்மா ஓம் என்றாள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவதாக மரியாதையாகச் சொல்லித்தான் தம்பியைக் கூட்டிப்போனார்கள். வாசலில் அவர்களின் டீசல் வாகனம் எஞ்சின் நிறுத்தாமல் புகைந்துகொண்டிருந்தது.

சாமான் அறையிலிருந்து டீசல் மணந்தது.

இது நாலாம் மாடி.

விசிறி நின்றது. பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்கதவு மெல்ல அசைந்தது. அவளுக்குப் பயம்தான். ஆனால் பயத்தை மிஞ்சிக் கோபம் வந்தது. அம்மாவை ஏமாற்றிய அதே கேள்வி. அதே மரியாதை.

அவள் பதில் எழுதினாள்: ஓம், அவன்ர வீடுதான். நான் அவன்ர அக்கா. இந்த முறை ஒருத்தரையும் தரமாட்டன்.

படங்களை அனுப்பினாள். ஒன்று. இன்னொன்று. நகலிலும் முகங்கள் மங்கத் தொடங்கின. அவள் முந்தினாள்.

"அக்கா, லதீசன் வந்திட்டார்," என்றான் நிலன். "சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். மற்ற ஆக்களும் வருகினம்."

அவளுக்குக் கண் நிறைந்தது. விடாதே, எடு என்றாள்.

"அக்கா? லைனிலை இருக்கிறியளோ?"

இருக்கிறன் என்றாள்.

"அக்கா, சத்தம் ஒண்டும் கேக்கேல்லை."

இருக்கிறன் என்று உரக்கச் சொன்னாள்.

அவன் திரும்பவும் கூப்பிட்டான்.

அவள் தலை நிமிர்ந்தாள். எதிரே கறுத்த யன்னல் கண்ணாடி. அதில் மேசை தெரிந்தது. திரையின் வெளிச்சம் தெரிந்தது. கதிரை தெரிந்தது. கதிரையில் யாரும் இல்லை.

இன்னும் படங்கள் மிச்சமிருந்தன.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்குள் விசைகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே அமிழ்ந்துகொண்டிருந்தன.