பல்வலிக்காரரின் பாஸ்போர்ட்

சமர்கந்தில் ஓய்தின் அக்காவின் வீடு மாடியில். கீழே பல் டாக்டர் தோஹிரின் கிளினிக். போலீஸ் விசாரணைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அக்காவைத் தேடி யாராவது படியேறினால், தோஹிர் அவர்களை வழியிலேயே மடக்கி, என்ன ஏது என்று விசாரித்து, குற்றவாளி யார் என்பதையும் தீர்மானித்துவிட்டுத்தான் மேலே அனுப்புவார். அவர் சொன்ன ஆள் இதுவரை ஒரு தடவைகூடக் குற்றவாளியாக இருந்ததில்லை. அதற்காக அவர் உற்சாகம் குறைந்ததும் இல்லை.

இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்த அந்த வசந்தகாலக் காலையில் வந்தவன் மினிபஸ் ஓட்டும் குத்ரத். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, மாமனாரோட பாஸ்போர்ட்டக் காணோம். இன்னைக்கு ராத்திரி பன்னண்டு மணிக்குள்ள அவர் எல்லையத் தாண்டியாகணும்."

குத்ரத்தின் மாமனார் முஹிதின், எல்லைக்கு அந்தப்பக்கம் தஜிகிஸ்தானில் பஞ்சகெந்த் ஊர்க்காரர். நிறைமாதத்தை நெருங்கும் மகள் மவ்ஜூதாவைப் பார்க்க வந்து, சட்டம் அனுமதித்த நாட்கள் முழுவதையும் தங்கித் தீர்த்துவிட்டார். இன்றுதான் கடைசி நாள். புதிய பாஸ்போர்ட்டுக்குத் தாஷ்கந்தில் அவர் நாட்டுத் தூதரகத்துக்குப் போய் மனுக் கொடுத்து வாங்க ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் கெடு தாண்டிவிட்டால் கோர்ட், அபராதம், நாடு கடத்தல். எல்லாவற்றையும்விடப் பெரியது, சில வருஷங்களுக்கு இந்தப்பக்கம் காலே வைக்க முடியாது என்ற தடை. பிறக்கப்போகும் பேரக்குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில்தான் தாத்தாவைப் பார்க்கும்.

"வீட்டுக்குள்ள வேற நெருப்பு," என்றான் குத்ரத். "எடுத்தது என் தங்கச்சி நோதிராதான்னு மவ்ஜூதா சொல்றா. ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசல."

"நோதிராவேதான்," என்றார் தோஹிர், தொப்பியை மாட்டிக்கொண்டே.

எல்லைக்கு இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. நடுவே ஆறு இல்லை, மலை இல்லை, அதே கோதுமை வயல்தான் இரண்டு பக்கமும். அப்படிப்பட்ட கோட்டில் இருந்த கதவைப் பல வருஷம் சாத்தியே வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில்தான் பஞ்சகெந்தில் மவ்ஜூதாவின் அம்மா இறந்தாள். மகள் நாட்டையே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மண் மூடியாகிவிட்டது. பிறகு ஒருநாள் கதவைத் திறந்தார்கள். ஒரு கதவால் இவ்வளவு செய்ய முடியும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது.

குத்ரத்தின் வீடு கலைத்துப் போட்ட சந்தையாகக் கிடந்தது. அடுக்கி வைத்திருந்த மெத்தைகள் தரையில் இருந்தன. மாவுப் பீப்பாயைக்கூடக் கொட்டிப் பார்த்திருந்தார்கள். வாசலில் ஒரு ஜோடிப் பெண் செருப்பு, குதிகால் வரை ஈரச் சேறு. தோஹிர் அக்காவின் கையை இடித்துக் காட்டினார். நோதிராவின் செருப்பு. விடியும் முன்பே எங்கேயோ போய்வந்திருக்கிறாள். எங்கே என்று கேட்டதற்கு, என்னைத் திருடி என்கிற வீட்டில் நான் எதற்கும் பதில் சொல்ல மாட்டேன் என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாளாம்.

மவ்ஜூதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். நேற்று மாலை பாஸ்போர்ட்டை அப்பாவின் கோட்டுப் பையில் அவளே வைத்தாள். கோட்டு நடையில் தொங்கியது. காலையில் அந்த நடையைப் பெருக்கியவள் நோதிரா. ஒரு மாதமாகத் தன் அறையை முஹிதினுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு அடுப்படியில் படுப்பவளும் அவள்தான். கிழவர் எப்போது கிளம்புவார் என்று போன வாரம் கேட்டிருக்கிறாள். கெடு தாண்டித் தடை விழுந்தால் அவர் இந்த வீட்டுப் பக்கமே வர முடியாது என்பது அவள் கணக்காம்.

இத்தனை அமளிக்கும் நடுவில் முஹிதின் சன்னலோரம் சம்மணமிட்டு, ஆப்ரிகாட் கொட்டைகளைப் பல்லால் உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஃபான் மலைகளில் முப்பது வருஷம் வழிகாட்டியாக இருந்தவர். ஒவ்வொரு கொட்டையும் துப்பாக்கி வெடித்த மாதிரி உடைந்தது. பக்கத்தில் மலையேறும் கயிற்றால் கட்டிய பெட்டி தயாராக இருந்தது. அந்தக் கயிற்றின் முடிச்சை ஓய்தின் அக்கா குனிந்து நிதானமாகப் பார்த்தாள். தட்டையாக, இரட்டையாகப் பின்னிய முடிச்சு.

பிறகு அவள் பார்வை எதிர்ச் சுவருக்குப் போனது. அங்கே இரண்டு ஆணிகளில் இரண்டு வெள்ளைத் துணி முடிப்புகள் தொங்கின. இங்கே யாருக்கும் விளக்க வேண்டாத விஷயம். தூரம் போகிறவர் வாசல் தாண்டும் முன் ஒரு முழு ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவார். மிச்சத்தைத் துணியில் முடிந்து மாட்டிவிடுவார்கள். அவர் திரும்பி வந்து அதை அவரேதான் தின்று முடிக்க வேண்டும். அந்த ரொட்டி அவரைத் திரும்பக் கூட்டிவரும் என்பது நம்பிக்கை; அதுவரை வேறொரு கை அதில் படாது.

ஒன்று ரஷ்யாவில் வேலைக்குப் போயிருக்கும் குத்ரத்தின் தம்பியுடையது. மற்றது யாருடையது என்று அக்கா கேட்டாள். போன இலையுதிர் காலத்தில் வந்துவிட்டுக் கிளம்பியபோது அப்பா கடித்தது என்றாள் மவ்ஜூதா. இரண்டையும் கட்டியது அவள்தான்.

"அப்பாதான் வந்துட்டாரே. இன்னுமா சாப்பிடல?"

"வந்ததுலேருந்து பல்வலிக்கா. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிக்கிட்டே இருக்கார்."

தோஹிருக்குத் தொழில் பக்தி பொங்கிவிட்டது. கிழவரை வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்துக்குத் திருப்பி, தட்டிப் பார்த்து, இந்த வயதில் இப்படிப் பல்லா என்று வாய்விட்டு வியந்தார். மூன்று தங்கப் பல் தவிர மற்றதெல்லாம் சொந்தம், ஒன்றுகூட ஆடவில்லை. முஹிதின் அடுத்த கொட்டையை எடுத்தார்.

ஓய்தின் அக்கா அடுப்படிக்குப் போய், அழுது சிவந்த நோதிராவிடம் ஒரு கிண்ணம் தேநீர் வாங்கிக் குடித்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அலமாரியில் தடித்த துவாலைக்குள் சுற்றி வைத்திருந்ததை மட்டும் லேசாக விலக்கிப் பார்த்தாள். சந்தையின் பெரிய வட்ட ரொட்டி, மேலே எள் தூவியது. தொட்டால் இன்னும் சூடு மிச்சமிருந்தது. வெளியே வந்து, எல்லைப் பிரிவில் இருந்த பழைய சகாவுக்குப் போன் போட்டுச் சிறிது நேரம் பேசினாள். அப்புறம் எல்லாரையும் விரிப்பைச் சுற்றி உட்காரச் சொன்னாள். நோதிரா கதவோரமாகவே நின்றாள்.

"முதல்ல அந்தச் செருப்பு," என்று ஆரம்பித்தாள். "விடியறதுக்கு முன்னாடி மழைச் சேத்துல நடந்து போயி, அடுப்புலேருந்து எடுத்த முதல் ரொட்டிய நோதிரா வாங்கிட்டு வந்துருக்கா. அடுப்படியில மூடி வச்சிருக்கா. எதுக்கு? பெரியவர் கிளம்பறப்ப கடிக்கறதுக்கு. ஒருத்தர் திரும்பி வரவே கூடாதுன்னு நினைக்கிறவ அவருக்கு வழி ரொட்டி வாங்குவாளா?"

மவ்ஜூதா தலையைக் குனிந்துகொண்டாள். தோஹிர் தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி, வீட்டையே கவுத்துட்டீங்க. அந்த ஆணியப் பாத்தீங்களா?"

"அத எப்படிக்கா தொடுவோம்?" என்றான் குத்ரத், பதறிப்போய்.

"தொட மாட்டீங்க. மகளும் தொட மாட்டா. நீயும் நோதிராவும் தொட மாட்டீங்க, பக்கத்துலயே உங்க தம்பி ரொட்டி தொங்குது. வீட்டுல எல்லாரும் தேடினா யாரும் தேடாத இடம் அது ஒண்ணுதான். அத அவுக்கற உரிமையும் ஒருத்தருக்குத்தான். ரெண்டு முடிப்பையும் கட்டினது மவ்ஜூதா. ஆனா ஒண்ணுல இருக்கறது மவ்ஜூதாவோட முடிச்சு, இன்னொண்ணுல மலைக்காரர் முடிச்சு. இந்தப் பெட்டியில இருக்கற அதே முடிச்சு."

அவள் எழுந்து போய் எடுக்கவில்லை. கிழவர் பக்கம் திரும்பி மரியாதையாகச் சொன்னாள்: "மாமா, கொட்டைய உடைக்கிற பல்லுக்கு ரொட்டி ஒண்ணும் பெருசில்ல. உங்க ரொட்டிய இப்ப சாப்பிடுங்க."

முஹிதின் கையிலிருந்த கொட்டையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து முடிப்பை இறக்கி அவிழ்த்தார். காய்ந்து இறுகிய ரொட்டி. அதில் அவருடைய பழைய கடி. அதற்கடியில் பாஸ்போர்ட்.

"எல்லைய மறுபடி மூடப்போறாங்கன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க," என்றார் அவர் மகளிடம். "போன தடவ மூடினப்ப உங்கம்மா போயிட்டாம்மா. உன் பேரச் சொல்லிக்கிட்டே போனா. இந்தத் தடவ நான் கதவுக்கு இந்தப்பக்கம் இருக்கணும்னு நினைச்சேன். பிடிச்சாப் பிடிக்கட்டும். குழந்தையப் பாத்துட்டுப் போறேன்."

மவ்ஜூதா அழுதாள். நோதிராவும் அழுதாள். மலையில் எத்தனையோ பேரைப் பத்திரமாக இறக்கிவிட்ட மனிதர் இப்படி ஒரு கிறுக்குத்தனம் செய்யும் அளவுக்கு ஒரு மகள்மேல் பாசம் வைக்க முடியுமா என்று தோஹிர் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். ஓய்தின் அக்காவின் குரல் மட்டும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"மூடினா அது அவங்க பூட்டற பூட்டு மாமா. மூடறதா பேச்சே இல்லையாம், இப்பதான் கேட்டேன். ஆனா இன்னைக்கு ராத்திரிக் கெடுவத் தாண்டிட்டீங்கன்னா, அது நீங்களே உங்களுக்குப் பூட்டிக்கிற பூட்டு. பிரசவத்துக்கு முன்னாடியே பிடிச்சு அனுப்பிட்டா? குழந்தையும் இல்ல, திரும்ப வர வழியும் இல்ல. ஒழுங்கா வெளிய போனவர் மறுபடி ஒழுங்கா உள்ள வரலாம். அதையும் கேட்டுட்டேன்."

கிழவர் ரொட்டியைத் தேநீரில் நனைத்து, ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்காமல் தின்றார். தின்று முடித்ததும் நேராகக் கதவோரம் போனார்.

"உன்னத் திருடின்னு சொன்னப்பகூட நான் வாயத் திறக்கல. மன்னிச்சுக்கம்மா."

 நோதிரா உள்ளே போய்ப் புது ரொட்டியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் கடித்தார். மிச்சத்தை அவள் துணியில் வைத்து, கட்டாமல் நின்றாள்.

"அந்த முடிச்ச எனக்குச் சொல்லிக் குடுங்க மாமா. தம்பி அடுத்த தடவ வந்துட்டுக் கிளம்பறப்ப அவனோடதையும் அப்படியே கட்டணும்."

வெயில் இருக்கும்போதே குத்ரத்தின் மினிபஸ் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது. முத்திரை விழுந்த பாஸ்போர்ட்டோடு முஹிதின் அந்தப்பக்கம் நடந்து, சிறிதாகி, வயல் வரப்பில் மறைந்தார். அவருக்கு மேலே வானத்தில் ஃபான் மலையின் பனி தெரிந்தது. தோஹிர் தொப்பியைக் கழற்றி இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

செர்ரிப் பழம் சந்தைக்கு வந்த வாரத்தில் மவ்ஜூதாவுக்குப் பெண் பிறந்தது. மறுநாள் காலையிலேயே முஹிதின் வந்து நின்றார். மகள் குழந்தையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நேரே சுவருக்குப் போய் முடிப்பை அவிழ்த்து, தேநீருக்குக்கூடக் காத்திருக்காமல், கல்லாகக் காய்ந்த ரொட்டியைக் கடித்துக் கடித்து முழுதும் தின்றுவிட்டுத்தான் குழந்தைக்குக் கை நீட்டினார்.

அன்று மாலை தோஹிரின் கிளினிக்கில் அவர்தான் கடைசி நோயாளி. இந்தத் தடவை உண்மையாகவே ஒரு பல் உடைந்திருந்தது.