வெளுக்காத சிவப்பு!

செல்போன் அலறியது.

பொங்கியண்ணன் எடுத்தார். பெருமாநல்லூரில் சாயப்பட்டறை முதலாளி. வாசல் போர்டில் 'எங்கள் சாயம் வெளுக்காது' என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருப்பவர்.

“அண்ணா...!” தங்கை வேலாத்தாள். “எங்க கெணத்துல ரத்தமுங்ணா! அவரையும் காலைல இருந்து காணமுங்க!”

“எ... என்ன கலரு?”

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ரத்தத்துக்கு எவனாவது கலர் கேட்பானா!

தங்கையின் தோட்டம் பட்டறைக்குப் பின்புறம்தான். ஓடினார்.

வழியில் அவருடைய வற்றிப்போன போர்வெல். அதன் வாயில் ஒரு பைப். ஒரு வருடமாகப் பட்டறைக் கழிவு முழுக்க அதற்குள்தான் போகிறது. இந்த வாரம் ஓடியது சிவப்பு ஆர்டர்.

பைப்பைப் பார்க்காமல் தாண்டினார்.

கிணற்றைச் சுற்றிக் கூட்டம். தண்ணீர் செக்கச்செவேலென்று...!

“பாவம் வேலாத்தா!” ஒரு கிழவி அங்கலாய்த்தாள். “இந்த அண்ணன் மட்டும் இல்லீன்னா? தங்கச்சி ஊட்டுக்கு வாராவாரம் கேன் தண்ணி அனுப்பற மகராசன்! சீருன்னா இதல்லோ சீரு!”

பொங்கியண்ணனுக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் அந்தோணிராஜ் கைக்குட்டையை வாளியில் இறைத்த தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த புதுசு.

“உள்ள பாடி கெடக்கும்போல. எறங்குடே!”

தீயணைப்பு வீரன் இடுப்பில் கயிறு கட்டினான்.

பொங்கியண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அந்தத் தண்ணீரில் என்னென்ன கெமிக்கல் என்று அவருக்குத்தானே தெரியும்! வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும். அந்தப் பையனின் கண் போகும்.

அவன் விளிம்பில் கால் வைத்தான்...

“எறங்காதே...!”

எல்லோரும் திரும்பினார்கள்.

“அது... ரத்தமில்லீங்க. சாயம். என்ற பட்டறைச் சாயம்!”

அவர் கூனிக் குறுகிப் போனார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம். ஆனால் பூமிக்குள்ளும் அவருடைய சாயம்தானே!

“மாப்பிள்ளையத் தேடுங்க சார்...” என்று இன்ஸ்பெக்டரைக் கும்பிட்டார்.

“அவரு மடத்துக்குளத்துக்குப் போயிருக்காருங்ணா. இருந்த ஒத்த மாட்டையும் விக்கறதுக்கு.”

வேலாத்தாள்தான்! கயிற்றின் மறுமுனை அவள் கையில். வீரனை ஓர் அடிகூட இறங்க விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அப்ப... ரத்தம்னு...?”

“பொய்தானுங்க! சாயத்தண்ணி வருதுன்னு நாயாக் கத்துனன். தென்னை காய்க்கலைன்னன். மாடு கன்னு தங்கலைன்னன். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. ரத்தம்னன்... ஊரே வந்துருச்சு!”

“நான்தான்னு... உனக்கு எப்படி அம்மிணி...?”

அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

“மொதல் கேன் வந்த அன்னைக்கு எங்க கெணறு எளநியாட்ட இருந்துச்சுங்ணா! நல்ல தண்ணி இருக்கற ஊட்டுக்கு எதுக்குக் கேன் தண்ணின்னு அப்பத் தெரியல. பாசம்னு நெனச்சு ஊரெல்லாம் பெருமை பேசுனனே...! உங்க வாயால ஒருக்காச் சொல்லுவீங்கன்னு பாத்தன்.”

பொங்கியண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவரைத் தேற்ற ஒருவரும் வரவில்லை.

அந்தோணிராஜ் கைக்குட்டையைப் பிழிந்து பார்த்தார். பிறகு தூரத்தில் தெரிந்த போர்டைப் பார்த்தார்.

“போர்டுல பொய்யே இல்ல. என் கைக்குட்டை இனி ஜென்மத்துக்கும் வெளுக்காது. வெளுத்தது உங்க சாயம் மட்டுந்தான் அண்ணாச்சி... ஜீப்ல ஏறுங்க!”