நீல உறை போட்ட நோட்டு

பிற்பகல் 1.50

டாஷ்போர்டு பெட்டியைத் திறந்த நர்சரிக்காரர், திறந்தபடியே நின்றுவிட்டார்.

காலையில் அதற்குள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. இரண்டும் ஒரே அளவு. இரண்டுக்கும் அவரே வாங்கிப் போட்ட நீல பிளாஸ்டிக் உறை. ஒன்று அந்தப் பிக்கப் வண்டியின் ஆர்.சி. புத்தகம். மற்றது சர்வீஸ் நோட்டு. பதினான்கு வருஷமாக ஆயில் மாற்றியது, கிளட்ச் மாற்றியது, டைமிங் பெல்ட் மாற்றியது எல்லாம் அதில் தேதி போட்டு, ஒர்க்‌ஷாப் முத்திரையோடு இருக்கும். இப்போது ஆர்.சி. புத்தகம் மட்டும் கிடந்தது.

சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். கால்மிதியை உதறினார்கள். பின்னால் கிடந்த மண் சாக்குகளைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். நோட்டு இல்லை.

வண்டியை வாங்க வந்தவர் பேக்கரியம்மா. அவரும் கணவரும் ஒரு சின்ன பேக்கரி நடத்துகிறார்கள். அடுப்பு வேலை கணவருடையது. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாகத் தினமும் விடிவதற்கு முன்னால், ஐந்து மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ரொட்டி போகிறது. அடுப்பில் வேகிற நாலு ரொட்டியில் மூன்று ஆஸ்பத்திரிக்குத்தான். திங்கட்கிழமை மாஸ்டர் ஓட்டிப்போன வேன் ஒரு கம்பத்தில் மோதி நொறுங்கியது. பிரேக் பிடிக்கவில்லை என்றார் மாஸ்டர். மறுநாளிலிருந்து வாடகை வண்டிக்காரர்கள் ஆளாளுக்குக் காலை வாரினார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு ரொட்டி வரவில்லை என்றால் அப்புறம் வரவே வேண்டாம் என்று ஆஸ்பத்திரிச் சமையல்கூட அதிகாரி முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார். இன்று வியாழக்கிழமை.

கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது இந்த ஒரு வண்டிதான். அதற்கும் போட்டி. நாலு மணிக்கு ஒரு செங்கல் வியாபாரி வருவதாக இருந்தது. பேக்கரியம்மாவின் நிலைமை எளிமையானது. வாங்காவிட்டால் நாளைக்கே கடையைப் பூட்ட வேண்டும். வாங்கி, எஞ்சின் படுத்துக்கொண்டால் அடுத்த மாதம் பூட்ட வேண்டும். அந்த நோட்டை நம்பித்தான் காலையில் தலையாட்டியிருந்தார்.

"அண்ணி, நோட்டே போலியோ என்னவோ. ஒர்க்‌ஷாப்ல கேட்டா குட்டு உடைஞ்சிரும்னு அவரே எடுத்து ஒளிச்சிட்டாரோ?"

பேக்கரியம்மா மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் நர்சரிக்காரரின் காதில் விழுந்துவிட்டது. செடி வளர்த்து விற்கிற மனிதர், அதிர்ந்து பேசாதவர், அவருக்கே முகம் சிவந்துவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்குத் தன் வண்டி இல்லை, கிளம்பலாம் என்றார்.

அண்ணி என்று அழைக்கப்பட்டவர் மாஸ்டரின் அக்கா. விபத்தான வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். வண்டி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, ஆள்தான் சொல்லும் என்பார். அப்பா கடைசிவரை ஊன்றி நடந்த கைத்தடியைக் கையோடு கொண்டுபோய், வண்டியின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமை தம்பியின் நொறுங்கிய வேனையும் அப்படித்தான் தட்டிப் பார்த்தார். இடது பக்கம் பூராவும் புதிதும் பழசுமாகக் கீறல்கள். வலது பக்கம் துடைத்துவைத்தாற்போல் சுத்தம். பிரேக் ஆயில் குறையாமல் கோடு வரைக்கும் நின்றது. அதைப் பற்றி அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

"ஐயா, அவசரப்பட்டுட்டா. மனசுல வச்சுக்காதீங்க," என்றார் சர்வேயர். "எனக்கு ஒரு மணி நேரம் குடுங்க. அதுவரைக்கும் யாரும் கேட்டைத் தாண்ட வேணாம்."

மாஸ்டர் ஷெட் வாசலில், வயிற்றைக் கையால் அணைத்தபடி நின்றிருந்தார். இந்த வண்டி நமக்கு ராசியில்லை, போகலாம் என்று அவரும் சொன்னார். காலையிலிருந்து அவருக்கு இதே பாட்டுதான்.

பிற்பகல் 2.05

சர்வேயர் காலையில் நடந்ததை வரிசைப்படுத்தினார்.

பதினொரு மணிக்கு வண்டி வெயிலில் நின்றது. அவர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். ஒர்க்‌ஷாப்பின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார். டயர்களைத் தடவிப் பார்த்தார். நாலும் போன மாதம் போட்டவை. புது டயரில் நிற்கும் ரப்பர் முள்கூட இன்னும் தேயவில்லை.

பன்னிரண்டு மணிக்கு நர்சரிக்காரர் வண்டியைத் தகர ஷெட்டுக்குள் விட்டு, எல்லோரும் பார்க்க இரண்டு புத்தகங்களையும் பெட்டியில் வைத்தார். ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. பல்பு பியூஸ் போய் ஒரு வாரம். வாசல் வழியாக வருகிற வெளிச்சம்தான்.

பிறகு வீட்டு முன்னறையில் டீ. வியாபாரத்தைப் பேசிவிட்ட புரோக்கர் விற்பனைப் பாரத்தை நிரப்பினார். அடையாள அட்டை கேட்டபோது பேக்கரியம்மா தன் பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினார். அதை வைத்து நகல் எடுத்துக்கொண்டார்கள். பேக்கரியம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. அதனால் மாஸ்டரின் போனை வாங்கி, ஆஸ்பத்திரி அதிகாரியிடம் நாளைக்கு நிச்சயம் வந்துவிடும் என்று அரை மணி நேரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்கு நர்சரிக்காரர் வண்டியையும் ஷெட்டையும் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். 1.50க்குத்தான் மறுபடி திறந்தார். இடைப்பட்ட அரை மணியில் தனியாக ஷெட்டுக்குள் போய்வந்தவர்கள் மூன்று பேர். நர்சரிக்காரர், புரோக்கர், மாஸ்டர்.

பிற்பகல் 2.15

புரோக்கர் சிரித்த முகக்காரர். சிரிப்பு அவருக்குத் தொழில்.

"உள்ள எதுக்குப் போனீங்க?"

"சேசிஸ் நம்பர் பார்க்க. பாரத்துல எழுதணும்ல?"

"அந்த இருட்டுலயா?"

"போன்ல லைட் இருக்கேம்மா."

போனை வாங்கிப் பார்த்தார். 12.09க்கு எடுத்த படம், நம்பர் பளிச்சென்று தெரிந்தது. இந்த வியாபாரம் முறிந்தால் இவர்கள் தலையில் கட்ட அவரிடம் வேறொரு வண்டி இருக்கிறதா என்று சர்வேயர் கேட்டார். இருக்கிறது என்று புரோக்கர் ஒப்புக்கொண்டார். ஆனால் அது இதைவிட ஓட்டை என்று அவரே சொல்லிவிட்டு, மறுபடி சிரித்தார்.

நர்சரிக்காரர் தண்ணீர்க் குழாயை எடுக்கப் போனதாகச் சொன்னார். அதற்குமேல் பேச அவருக்கு இஷ்டமில்லை. பதினாலு வருஷம் தன் கையால் எழுதிய நோட்டைத் தானே திருடுவேனா என்று மட்டும் கேட்டார்.

கடைசியில் மாஸ்டர். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கொடுத்த டீ ஆறிக்கிடந்தது. வயிறு சரியில்லை என்றார்.

"நீ எதுக்குடா போன?"

"டயர் பார்க்கக்கா."

"எப்படி இருந்துச்சு?"

"நாலும் தேஞ்சு வழவழன்னு இருக்கு. அதான் வேணாங்கறேன்."

"லைட் அடிச்சுப் பார்த்தியா?"

"என் போன்தான் இவகிட்ட இருந்துச்சே."

அதுவரை மற்றவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த சர்வேயர், இதை எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, கைத்தடியின் தேய்ந்த பிடியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் 2.50

ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டார். அவர்களிடமும் ஒரு பதிவேடு இருந்தது. நோட்டில் அவர் படித்த தேதிகளும் அதில் இருந்த தேதிகளும் அச்சு மாறாமல் ஒத்துப்போயின.

பிற்பகல் 3.10

எல்லோரையும் ஷெட்டுக்குள் கூப்பிட்டார்.

"முதல்ல ஐயா. நோட்டுல பொய் இல்ல, ஒர்க்‌ஷாப்ல கேட்டுட்டேன். அதனால ஒளிக்க அவருக்கு ஒண்ணுமே இல்ல."

பேக்கரியம்மா தலைகுனிந்து, தப்பாகப் பேசிவிட்டேன் என்றார். நர்சரிக்காரர் பரவாயில்லை என்றார்.

"நோட்டு போனதால யாருக்கு என்ன லாபம்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுது. யாருக்கும் லாபம் இல்ல. அப்புறந்தான் புரிஞ்சுது. எடுத்த ஆளு நோட்டுக்கு வரல. ஆர்.சி. புத்தகத்துக்கு வந்தான். அது இல்லாம பேர் மாத்த முடியாது, வண்டி இன்னிக்குக் கிளம்பாது. ரெண்டும் ஒரே நீல உறை. மாத்தி எடுத்துட்டான்."

புரோக்கர் ஆர்.சி. புத்தகத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். உறைக்குள் அட்டையில் வெள்ளி முத்திரை அந்த மங்கலிலும் மினுங்கியது.

"லைட்டே வேணாமே, இங்க நின்னே தெரியுது. இதப் போய் மாத்தி எடுத்தானா? குருடனா அவன்?"

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சர்வேயர் நர்சரிக்காரரையும் புரோக்கரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். மீதி எங்கள் வீட்டு விஷயம் என்றார். அவர்கள் போகிறவரை காத்திருந்துவிட்டு, தம்பியின் பக்கம் திரும்பினார்.

"சட்டைக்குள்ள இருக்கறத எடுடா."

மாஸ்டர் பனியனுக்குள் கையை விட்டு, வியர்வையில் நனைந்த நீல உறையை எடுத்து நீட்டினார். நீட்டிய கை அக்கா நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

நர்சரிக்காரரையே சந்தேகப்பட்ட பேக்கரியம்மாவுக்குக் கணவர் மேல் மட்டும் நினைப்பே போகவில்லை.

"புது டயரத் தேஞ்சதுன்னான்," என்றார் சர்வேயர், பேக்கரியம்மாவிடம். "பழைய வண்டிதானேன்னு குத்துமதிப்பாச் சொல்லியிருக்கான். இங்க வந்து அவன் எதையும் பார்க்கல, பார்க்க முடியல. வெளிய வெயிலுக்குப் போனப்புறம்தான் கையில இருக்கறது வேற புத்தகம்னே தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள பூட்டியாச்சு. வேன்ல பிரேக் நல்லா இருந்துச்சு. கீறல் எல்லாம் டிரைவருக்குத் தள்ளி இருக்கற இடது பக்கம். அன்னிக்கே எனக்கு உறுத்துச்சு, நான்தான் நம்பாம விட்டுட்டேன். எங்க அப்பாவுக்கும் நாப்பது வயசுலதான் ஆரம்பிச்சுது. பொழுது சாஞ்சா வாசப்படி தெரியாது. மாலைக்கண். அப்புறம் பக்கவாட்டுல போச்சு. இந்தத் தடி அவருக்கு அதுக்குத்தான் வாங்கினது."

"எத்தன நாளா?" என்று கேட்டார் பேக்கரியம்மா.

"ஒரு வருஷமா," என்றார் மாஸ்டர். "திங்கக்கிழம பிரேக் நல்லாத்தான் பிடிச்சுது. குறுக்க ஒரு பொம்பள நடந்து போயிருக்கா. அவ கத்துனப்புறம்தான் ஆள் இருக்கறதே தெரிஞ்சுது. கம்பத்துல விட்டேன். அவ சேலை வேன்ல உரசுன சத்தம் இன்னும் காதுல கேக்குது. இந்த வண்டி வந்தா நாளைக்கு விடியறதுக்குள்ள நான்தான ஓட்டணும்? ஒரு உசிரக் கொன்னுட்டுப் போயா நோயாளிக்கு ரொட்டி குடுக்கறது?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கடை போச்சு. சொல்லாட்டியும் போகும். என் வாயால சொல்லாம, அதுவாப் போகட்டும்னு நெனச்சேன்."

பேக்கரியம்மா நோட்டைப் பிடுங்கி அதாலேயே அவர் தோளில் ஒரு அடி போட்டார். இன்னொன்று போட ஓங்கியவர், அந்தத் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஒரு வருஷமாக விடிகாலையில் இவரை வழியனுப்பிவிட்டு, நிம்மதியாக அடுத்த மாவைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அழுகை பொங்கியது. மாஸ்டரும் அழுதார். சர்வேயர் வண்டியின் பின்பக்கம் போய், ஏற்கெனவே தட்டிப் பார்த்த இடத்தையே மறுபடி தட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் 3.35

"அண்ணி, வண்டி நல்ல வண்டிதான?"

"அஞ்சு வருஷம் ஓடும். அதுக்கு நான் பொறுப்பு."

"ஓட்ட ஆள்?"

"காலையில புரோக்கர்கிட்ட எதக் குடுத்த?"

பேக்கரியம்மா கண்ணைத் துடைத்தார். பத்து வருஷத்துக்கு முன் மாஸ்டரே சொல்லிக்கொடுத்து எடுத்த லைசென்ஸ். எடுத்ததோடு சரி. அடையாளம் காட்டுவதைத் தவிர அதனால் வேறு உபயோகம் இருந்ததில்லை. ரோட்டில் ஓட்டிப் பழக்கமே இல்லை அண்ணி, இருட்டில் எப்படி என்று கேட்டார். விடிவதற்குள் பழக வேண்டியதுதான், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்றார் சர்வேயர்.

"வேற வழி?" என்று கேட்டார் பேக்கரியம்மா. அவர் போய் நர்சரிக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிற்பகல் 3.55

வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது. மூன்றாவது தடவை நகர்ந்தது. கேட்டருகே ஸ்கூட்டரில் வந்து இறங்கிய செங்கல் வியாபாரி பதறி ஒதுங்கினார்.

கேட்டில் பேக்கரியம்மா பிரேக்கை மிதித்தார். பக்கத்தில் மாஸ்டர், அவரையடுத்து ஜன்னலோரம் சர்வேயர். பழக்கதோஷத்தில் மாஸ்டர் கழுத்தை நீட்டி, ரோட்டில் ஏதாவது வருகிறதா என்று பார்க்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க அதப் பார்க்க வேணாம். வெளிச்சம் இருக்கறப்பவே அந்த நோட்டப் படிங்க. எத எப்ப மாத்தணும்னு நான் தெரிஞ்சுக்கணும்."

மாஸ்டர் வெயில் விழுகிற பக்கமாக நோட்டைத் திருப்பி, முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். ஐந்து மணிக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம் இருந்தது. பேக்கரியம்மா இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கத்தை மறுபடியும் ஒரு தடவை பார்த்துவிட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்தார்.